கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா: வேகத்துக்காகக் கட்டும் இன்ஜினில் எதைப் போடுவது?

இன்ஜினுக்குள் போகும் காற்றில் பெட்ரோலைக் கலக்க இரண்டு வழி: காற்றின் இழுப்பிலேயே கலக்கும் கார்புரேட்டர், கணினி சொல்லும் அளவில் பீச்சும் இன்ஜெக்‌ஷன். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து உச்ச சக்தியை மட்டும் அளந்தால், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத இன்ஜினில், சரியான ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) போட்ட, நான்கு காற்றுவழிகள் உள்ள ‘நான்கு பேரல்’ ஹாலி கார்புரேட்டர் இன்ஜெக்‌ஷனுக்குச் சரிக்குச் சரி நிற்கும். சில சமயம் ஒரு படி மேலேயும் போகும். பெட்ரோல் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்) வாயிலேயே கலந்துவிடுவதுதான் காரணம். ஆவியாகும்போது அது காற்றின் சூட்டை இழுத்துக்கொள்கிறது; குளிர்ந்த காற்று சிலிண்டருக்குள் கூடுதலாக இறங்குகிறது. வால்வுக்குப் பக்கத்தில் பீச்சும் இன்ஜெக்டரில் அதற்கு அவ்வளவு நேரம் கிடைக்காது.

சரி, பாதி மிதியில் என்ன ஆகிறது? எனக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் சாலையில் பெரும்பாலும் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

வென்சுரியின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுத்தால் அழுத்தம் குறையும்; அந்த இழுப்பில் மிதவை அறையிலிருந்து பெட்ரோல் ஏறும். கார்புரேட்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மலை ஏறும்போது காற்று மெலிகிறது, ஆனால் பெட்ரோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. கலவை ரிச் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் மிகுந்துவிடும். வளைவில் வேகமாகத் திரும்பினால் மிதவை அறையில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும், இன்ஜின் திணறும். இன்ஜெக்‌ஷனில் இசியு என்னும் கணினி காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் சென்சார்களில் படித்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. சீரான ஓட்டத்தில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல், முழு மிதியில் 12.5 முதல் 13 வரை என்று தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும்.

4,500 ஆர்பிஎம்மில் மட்டும் கலவை லீன் ஆகிறது, அதாவது பெட்ரோல் குறைகிறது என்று வையுங்கள். கார்புரேட்டரில் இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, மிதவை அறையைக் கழற்றி, விரலெல்லாம் பெட்ரோல் வழிய ஜெட்டை மாற்றி, ஒரு சுற்று ஓட்டி, பிளக்கைக் கழற்றி, கலவை சரியா என்று பீங்கானின் நிறம் பார்க்க வேண்டும். அந்த ஜெட் 4,500-ஐ மட்டுமா மாற்றும்? 6,000-ஐயும் சேர்த்தே மாற்றும். இன்ஜெக்‌ஷனிலோ, இசியுவோடு இணைத்த லேப்டாப்பில் அந்த ஒரு கட்டத்தில் நான்கு சதவீதம் கூட்டினால் போதும், மற்ற இடங்கள் அப்படியே இருக்கும்.

டர்போ போடுவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இன்ஜெக்‌ஷன்தான். பூஸ்ட்டில், அதாவது டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது, கலவை லீன் ஆனால் பிஸ்டன் உருகிவிடும். இசியு பெட்ரோலோடு இக்னிஷன் டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரம்) சேர்த்துக் கட்டுப்படுத்தும்.

பந்தய உலகம் இதற்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. அமெரிக்காவின் நாஸ்கார் கப் கார் பந்தயத் தொடரில் 2012-இல்தான் இன்ஜெக்‌ஷன் வந்தது, நேர்கோட்டுப் பந்தயங்களை நடத்தும் என்ஹெச்ஆர்ஏவின் புரோ ஸ்டாக் பிரிவில் 2016-இல்.

ஆனாலும் கார்புரேட்டரைக் குறைவாக மதிக்க எனக்கு மனம் வராது. ஒரு ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் இருந்தால் அதைச் சரிசெய்துவிடலாம். இன்ஜெக்‌ஷனில் ஒரு எர்த் ஒயர் தளர்ந்தாலே நாள் போய்விடும். நேர்கோட்டில் மட்டும் ஓடும், டர்போ இல்லாத இன்ஜினுக்கு நான் இன்றும் கார்புரேட்டரையே போடுவேன்.

இன்ஜெக்‌ஷனுக்கு மாறுவதென்றால் முதலில் டேங்கைப் பாருங்கள். கார்புரேட்டருக்கு 0.4 பார் பெட்ரோல் அழுத்தம் போதும். இதற்குப் பெரும்பாலும் 3 பார் வேண்டும். மிதவை அறையில் இருந்த கையிருப்பும் இனி இல்லை. வளைவில் பம்ப் அரை விநாடி காற்றை உறிஞ்சினாலும் இன்ஜின் உடனே லீன் ஆகும். அதனால் இசியு வாங்கும் முன்பே சர்ஜ் டேங்க்குக்கு (பம்ப்புக்கு எப்போதும் பெட்ரோல் கிடைக்க வைக்கும் சிறு துணை டேங்க்) இடம் ஒதுக்கிவிடுங்கள்.