சிலிக்கோன் டியூப்ல போற காஸை அளக்க: வெளிய மாட்டுற அல்ட்ராசோனிக்கா, உள்ள வைக்குற தெர்மலா, ரோட்டாமீட்டரா?

எங்க லேப்ல 10 லிட்டர் கண்ணாடி ஃபெர்மென்டர் (நுண்ணுயிர் வளக்குற பாத்திரம்) ஒன்னு ஓடுது. ஏர் உள்ள போற பக்கம் தெர்மல் மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர் இருக்கு, அதுல ஒரு குறையும் இல்ல. தலைவலி எல்லாம் வெளிய வர்ற பக்கம்தான். எக்ஸாஸ்ட் ஃபில்டர் அடைக்குதான்னு தெரியணும்னு ஃபில்டருக்கு முன்னாடி இன்னொரு தெர்மல் மீட்டர் மாட்டி வச்சிருந்தோம், ஒரு ராத்திரி நுரை பொங்கி கண்டென்சரை (வெளிய போற காஸைக் குளிரவச்சு ஈரத்தைத் தண்ணியாக்குறது) தாண்டி நேரா மீட்டருக்குள்ள போயிடுச்சு. காலைல வந்து ஏரை மூடிட்டுப் பாத்தா ஃப்ளோவே இல்லாம நிமிஷத்துக்கு 3 லிட்டர் காட்டுது (இனிமே ஃப்ளோன்னு சொல்ற லிட்டர் எல்லாம் நிமிஷத்துக்குத்தான்). பிரிச்சுப் பாத்தா உள்ள மீடியா, அதாவது வளர்ப்புத் திரவம், காஞ்சு பழுப்பா பாகு மாதிரி ஒட்டியிருக்கு. அதுக்கப்புறம்தான் டியூபை வெட்டாம வெளியிலேருந்தே அளக்க முடியுமான்னு தேட ஆரம்பிச்சேன், கையில கிடைச்சதையெல்லாம் மாட்டிப் பாத்ததுல தெரிஞ்சதை இங்க எழுதுறேன்.

ரோட்டாமீட்டரை முதல்ல முடிச்சுடலாம். 1908ல ஜெர்மனில கார்ல் கூப்பர்ஸ் பேடன்ட் வாங்கின ஐடியா, மேல போகப் போக அகலமாகுற குழாய், உள்ள மிதவை, அவ்ளோதான். ஆஸ்பத்திரில ஆக்சிஜன் பைப்ல 15 லிட்டர் வரைக்கும் கோடு போட்டு ஒரு குண்டு மிதக்குமே, அதுவும் இந்த ஜாதிதான். கரண்ட் வேணாம், விலை கம்மி, கண்ணால பாக்கலாம். ஆனா நேரா நிமிந்து நிக்கணும், காஸோட அடர்த்தி மாறினா ரீடிங் மாறும், ஈரம் பட்டா மிதவை சுவர்ல ஒட்டிக்கும், கம்ப்யூட்டருக்கு சிக்னலும் வராது. ராத்திரி ஆளில்லாம ஓடுற மெஷினுக்கு இது பத்தாது.

ப்ரஷர் வித்தியாசத்தை வச்சு அளக்குற டைப்பும் இருக்கு, வென்டிலேட்டர்ல நெறைய பாக்கலாம். வேகமா ரெஸ்பான்ஸ் பண்ணும். ஆனா ஃப்ளோவுக்கு நடுவுல ஒரு தடை வச்சாதான் ப்ரஷர் வித்தியாசமே வரும், கண்ணாடி வெசல்ல எக்ஸாஸ்ட் பக்கம் தடை வைக்குறது எனக்கு சுத்தமா பிடிக்கல, போதாக்குறைக்கு ப்ரஷரை சென்சருக்கு எடுத்துட்டுப் போற ரெண்டு சின்ன டியூப்லயும் தண்ணி கோத்துக்கிட்டா கதை முடிஞ்சுது.

இப்ப தெர்மல். சூடான ஒரு புள்ளியைத் தாண்டி காஸ் போகும்போது எவ்ளோ சூட்டை எடுத்துட்டுப் போகுதுன்னு பாக்குறது. காய்ஞ்ச, சுத்தமான, ஒரே காஸ்னா இதை அடிச்சுக்க ஆளில்ல, அதுவும் ரீடிங் நேரா ஸ்டாண்டர்ட் லிட்டர்லயே (ஒரு குறிப்பிட்ட டெம்பரேச்சர், ப்ரஷருக்கு மாத்தின லிட்டர்) வரும், டெம்பரேச்சர் ப்ரஷர் கணக்கு நாம போட வேண்டியதில்ல. காஸ் மாறினா மட்டும் ஏமாத்தும். நைட்ரஜனுக்கு செட் பண்ணின மீட்டர்ல சிஓ2 விட்டா 0.74ஆல பெருக்கணும், அதாவது நிஜமா 10 லிட்டர் போனா மீட்டர் 13.5 காட்டும். எக்ஸாஸ்ட்ல சிஓ2 எவ்ளோங்குறது மணிக்கு மணி மாறும், கூடவே ஈரம், கூடவே நுரை. உள்ள போற பக்கத்துக்கு ராஜா, வெளிய வர்ற பக்கத்துக்கு ஆகாது.

அடுத்து வெளியிலேருந்து மாட்டுற அல்ட்ராசோனிக், அதாவது காதுக்குக் கேக்காத சவுண்டை வச்சு அளக்குறது. இதைப் பத்திதான் நெறைய பேருக்கு தப்பான நினைப்பு இருக்கு, தண்ணிக்கு வேலை செய்யுதே காஸுக்கும் செய்யும்னு. ரெண்டு பக்கமும் சென்சர் வச்சு ஃப்ளோவோட சேந்து ஒரு தடவை, எதிர்த்து ஒரு தடவை சவுண்ட் அனுப்பி நேர வித்தியாசத்தைப் பாக்குறதுங்குற வரைக்கும் ரெண்டுக்கும் ஒன்னுதான். ஆனா பிளாஸ்டிக்லேருந்து தண்ணிக்குள்ள சவுண்ட் ஈசியா போயிடும், காஸுக்குள்ள போகாது, சுவர்ல பட்டு அப்படியே திரும்பிடும். சிலிக்கோன்லேருந்து சாதாரண ப்ரஷர்ல இருக்குற ஏருக்குள்ள போறது ஆயிரத்துல ஒன்னு ஒன்றரை பங்குதான், திரும்ப அந்தப் பக்க சுவருக்குள்ள நுழையும்போது இன்னொரு தடவை அதே நஷ்டம், கடைசில பத்து லட்சத்துல ரெண்டு பங்கு வந்து சேரும். பிவிசி டியூப்னா இதைவிட எட்டுல ஒரு பங்குதான். ஸ்டீல் பைப் இன்னும் மோசம், அதனாலதான் ஸ்டீல் மேல மாட்டுற காஸ் மீட்டருக்கெல்லாம் பொதுவா உள்ள நல்ல ப்ரஷர் இருந்தாகணும்.

இன்னொரு தொந்தரவு சுவர் வழியாவே சுத்தி வர்ற சவுண்ட். எங்க டியூப் உள்விட்டம் 10 மில்லிமீட்டர், வெளிய 14. காஸ் வழியா குறுக்க போற சவுண்டுக்கு சுவரையும் சேத்து கிட்டத்தட்ட 33 மைக்ரோசெகண்ட் ஆகும், சுவரைச் சுத்தி வர்றது 19லயே வந்து நிக்கும், அதுவும் பல மடங்கு பலமா. ஆஸிலோஸ்கோப்ல பாத்தா முதல்ல ஒரு பெரிய மலை, அதோட வால் அடங்குற இடத்துல கொசு மாதிரி ஒரு துடிப்பு, நமக்கு வேண்டியது அந்தக் கொசுதான். நல்லவேளையா சிலிக்கோன் மெத்துன்னு இருக்குறதால தனக்குள்ள ஓடுற சவுண்டைத் தானே முழுங்கிடும், வால் சீக்கிரம் அடங்கிடும். கெட்டியான பிளாஸ்டிக்ல அந்த வால் ரொம்ப நேரம் ஆடும்.

சிலிக்கோனுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. அதுல சவுண்ட் வேகம் செகண்டுக்கு சுமார் 1000 மீட்டர்தான், பிவிசில 2400 பக்கம். சுவர்லேருந்து காஸுக்குள்ள நுழையும்போது சவுண்ட் வளைஞ்சு கிட்டத்தட்ட செங்குத்தா ஆயிடும், பிவிசில என்னதான் சாய்ச்சு விட்டாலும் காஸுக்குள்ள 8 டிகிரியைத் தாண்டாது, சிலிக்கோன்ல 20 வரைக்கும் போகலாம். சாய்வு ஜாஸ்தியானா ஃப்ளோவை நல்லா உணரும். 15 டிகிரினு வச்சுக்கிட்டா 10 லிட்டர் ஏருக்கு நேர வித்தியாசம் 100 நானோசெகண்ட் வருது, அதே வேகத்துல தண்ணி ஓடினா 5தான் வரும். ஆக காஸ்ல நேர வித்தியாசம் பெருசு, சிக்னல்தான் சிறுசு. லிக்விடுக்குன்னு வாங்கின கிளாம்பை (டியூப் மேல கவ்வி மாட்டுற சென்சர்) ஏர் டியூப்ல மாட்டிப் பாத்துட்டு இது வேலைக்கே ஆகாதுன்னு முடிவு கட்டிடாதீங்க, காஸுக்குன்னே கம்மி ஃப்ரீக்வன்சில செஞ்ச சென்சர் வேணும்.

ஆக்யுரசி பத்தி ஒளிவு மறைவில்லாம சொல்லணும்னா, தப்பு பெரும்பாலும் டியூப்லேருந்துதான் வருது. உள்விட்டம் 0.2 மில்லிமீட்டர் மாறினா போதும், ஃப்ளோ 4 சதவீதம் மாறிடும், சிலிக்கோன் டியூப்ல அந்த அளவு வித்தியாசம் சர்வ சாதாரணம், கிளாம்ப் அழுத்துறதுலயும் வடிவம் மாறும். அப்புறம் எங்க டியூப்ல 16 லிட்டர் பக்கம் ஒரு குழப்பமான இடம் இருக்கு. அதுக்குக் கீழ ஃப்ளோ அடங்கி ஓடும், நடுவுல வேகமா ஓரத்துல மெதுவா, டியூப் நடுவுல குறுக்க அளந்தா சராசரியைவிட மூணுல ஒரு பங்கு ஜாஸ்தியா தெரியும். அதுக்கு மேல கலங்கி ஓட ஆரம்பிச்சா அந்த ஜாஸ்தி சட்டுனு 10 சதவீதத்துக்கும் கீழ வந்துடும். சென்சருக்குள்ள இதுக்குத் திருத்தம் இருக்கான்னு கேக்காம வாங்காதீங்க.

நாங்க பண்றது என்னன்னா, புது டியூப் போட்டதும் வெசல் காலியா இருக்கும்போதே உள்ள போற தெர்மல் கன்ட்ரோலர்ல 2, 4, 6னு செட் பண்ணி வெளிய இருக்குற கிளாம்ப் என்ன காட்டுதுன்னு எழுதி ஒரு டேபிள் போட்டுக்குவோம், கடைசில டியூபைக் கிள்ளி மூடி ஜீரோ பாத்துக்குவோம். அரை மணி நேர வேலை. இதைச் செஞ்சா 5 சதவீதத்துக்குள்ள நிக்குது, செய்யலேன்னா 15 கூட விலகுது. தெர்மல் 1 சதவீதம் காட்டுற இடத்துல இது கம்மிதான், ஆனா நுரையில செத்துப்போன 1 சதவீதத்தைவிட உயிரோட இருக்குற 5 எனக்குப் போதும். நீராவில கிருமி கொல்ற 121 டிகிரி ஆட்டோகிளேவுக்கு டியூப் மட்டும் போகும், சென்சரைக் கழட்டி மேஜைல வச்சிடலாம், இந்த சவுகரியம் மத்த எதுலயும் கிடையாது.

நடுவாந்தரமா ஒரு வழியும் இருக்கு. சூரிச் என்டிடி கம்பெனியோட ஈசிஒன் ஸ்பைரோமீட்டர்ல (ஊதுற மூச்சை அளக்குற கருவி) சென்சர் மெஷின்ல இருக்கும், ஊதுற பிளாஸ்டிக் குழாய் தனி, தூக்கிப் போட்டுடலாம், சவுண்ட் நுழையறதுக்கு குழாய்லயே வலை போட்ட ஜன்னல் வச்சிருப்பாங்க. சுவர் பிரச்சனையே இல்லாம பண்ணிட்டாங்க, அருமையான யோசனை. ஆனா ஸ்டெரைலா மூடியிருக்கவேண்டிய லைன்ல ஜன்னல் வைக்க முடியாதே.

வாங்கி மாட்டினதும் பதறாம இருக்க ஒரு விஷயம். அல்ட்ராசோனிக் காட்டுறது அந்த இடத்துல நிஜமா ஓடுற லிட்டர், தெர்மல் காட்டுறது ஸ்டாண்டர்ட் லிட்டர். 0 டிகிரி கணக்குல 10 லிட்டர் உள்ள விட்டா, கண்டென்சர் இல்லாம 37 டிகிரில ஈரத்தோட வெளிய வரும்போது அது 12 லிட்டர். எங்க பசங்க முதல் நாள் இதைப் பாத்துட்டு ஒரு மதியம் முழுக்க எங்கேருந்து எக்ஸ்ட்ரா காஸ் வருதுன்னு ஒவ்வொரு ஜாயின்ட்டா சோப்புத் தண்ணி தடவிப் பாத்தாங்க. அப்புறம் கிளாம்பை படுக்கையா போற டியூப்ல மாட்டாதீங்க, அடில தண்ணி தேங்கினா சவுண்ட் அதுல மாட்டிக்கும், கண்டென்சருக்கு மேல செங்குத்தா போற துண்டுல மாட்டுங்க, தண்ணி தானா கீழ இறங்கிடும்.