சென்னை–சிங்கப்பூர்: மைல்களைப் பிசினஸ் வகுப்பில் செலவிடுவதா, சேர்த்து வைப்பதா?

சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு கடன் அட்டைச் செலவு மூலம் கிரிஸ்ஃபிளையர் மைல்களை, அதாவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய வெகுமதிப் புள்ளிகளை, சேர்ப்பவர்கள், ஊருக்குப் போய்வரும் நேரம் நெருங்கும்போதெல்லாம் ஒரே கேள்விக்குத் திரும்பி வருகிறார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரமே ஆகும் சென்னைப் பயணத்துக்கு அந்த மைல்களைக் கொடுத்துப் பிசினஸ் வகுப்பில் அமரலாமா, அவற்றை எகானமி டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாமா, அல்லது சென்னைக்குக் கைப்பணத்தில் போய்வந்துவிட்டு மைல்களை லண்டன், சிட்னி போன்ற நெடுந்தூரப் பயணங்களுக்கென்று விட்டுவைக்கலாமா? மூன்று வழிகளிலும் பயணம் செய்து பார்த்தபின் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து போகும்போது பணம் கொடுத்து எகானமியில் போகிறேன். சென்னையிலிருந்து திரும்பும் இரவு விமானத்துக்கு மட்டும் மைல்களைக் கொடுத்துப் பிசினஸ் வகுப்பில் வருகிறேன். கிரிஸ்ஃபிளையரில் ஒருவழிப் பயணத்துக்குத் தனியாகவே மைல்களைச் செலவிடலாம் என்பதால் இப்படிப் பிரித்துக்கொள்வதில் இழப்பு எதுவும் இல்லை.

மைல்களை எகானமி டிக்கெட்டாக மாற்றும் வழியை நான் விரைவாகவே கைவிட்டேன். மைல்களில் வாங்கும் டிக்கெட்டுக்கும் விமான நிலையக் கட்டணங்களை நாமே கட்ட வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து புறப்படுவதற்கு மட்டும் அது ஏறத்தாழ 65 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சாதாரண நாள்களில் இண்டிகோ போன்ற மலிவுக் கட்டண விமானங்களில் 200 வெள்ளிக்கு ஒருவழி டிக்கெட் கிடைத்தால், நாம் கொடுக்கும் மைல்கள் மிச்சப்படுத்தித் தருவது 135 வெள்ளிதான். பிசினஸ் வகுப்புக்கு அதைப்போல இரண்டு மடங்கோ சற்றுக் கூடுதலாகவோ மைல்கள் தேவைப்பட்டாலும், அதன் பணவிலை எகானமியின் விலையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், ஒவ்வொரு மைலுக்கும் கிடைக்கும் மதிப்பு உயர்கிறது. தீபாவளி, பொங்கல் சமயங்களில் எகானமி விலையே எகிறும்போது இந்தக் கணக்கு மாறலாம். ஆனால் அப்போது மைல்களுக்கான இருக்கைகளும் அரிதாகிவிடுகின்றன.

என் முடிவைத் தீர்மானித்தது விலை அன்று, புறப்படும் நேரம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இரண்டரை மணி நேர வேறுபாடு இருக்கிறது. சென்னையில் இரவு பதினொன்றேகால் மணிக்கு ஒரு விமானம் புறப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், சிங்கப்பூரில் அப்போது மணி அதிகாலை 1:45. அங்கே தரையிறங்கும்போது காலை ஆறு மணியைத் தொட்டிருக்கும். குடிநுழைவுச் சோதனை, பெட்டிகள், வீடு, குளியல் என்று முடித்து ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் உட்கார வேண்டியவருக்கு அந்த இரவில் தூங்கக் கிடைப்பது விமானத்தில் இருக்கும் நேரம் மட்டுமே. அதிலும் மேலேறும் அரை மணி நேரத்தையும் இறங்கும் அரை மணி நேரத்தையும் கழித்தால் மூன்று மணி நேரம் மிஞ்சும். எகானமியில் நடு இரவில் விளக்கைப் போட்டு உணவு பரிமாறி, தட்டுகளை எடுத்து முடிப்பதற்குள் அதில் மற்றொரு மணி நேரம் போய்விடுகிறது. எஞ்சிய நேரத்தில் நிமிர்ந்த இருக்கையில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கண்ணயர்வதைத் தூக்கம் என்று என் உடல் ஏற்றுக்கொள்வதில்லை. மறுநாள் மாலைவரை அதன் களைப்பு தொடர்கிறது.

பிசினஸ் வகுப்பில் அந்த மூன்று மணி நேரத்தை முழுமையாக நம்முடையதாக ஆக்கிக்கொள்ள முடிகிறது, ஆனால் அதற்குச் சற்றுத் திட்டமிட வேண்டும். இரவு உணவை வீட்டிலோ விமான நிலைய லவுஞ்சிலோ முடித்துக்கொண்டு, விமானத்தில் ஏறியவுடன் பணிப்பெண்ணிடம் உணவு வேண்டாம், இறங்குவதற்கு முன் எழுப்பினால் போதும் என்று சொல்லிவிட வேண்டும். இருக்கை வார் விளக்கு அணைந்ததும் படுத்துவிடலாம். உணவையும் ரசித்துவிட்டு, ஒரு படத்தையும் பார்த்துவிட்டு, தூங்கவும் செய்யலாம் என்று நினைப்பவருக்கு நான்கு மணி நேரம் போதாது. அவருக்கு இந்த மைல்கள் வீண். போகும் பயணத்தில் நான் பிசினஸ் வகுப்பைத் தவிர்ப்பதும் இதனால்தான். மாலையில் சாங்கியில் ஏறி இரவு சென்னையில் இறங்குபவருக்குக் கடிகாரம் இரண்டரை மணி நேரத்தைத் திருப்பித் தருகிறது, வீட்டுக்குப் போய்ப் படுக்கவும் நேரம் இருக்கிறது. விழித்திருக்கும் நேரத்துக்குப் படுக்கை எதற்கு?

எந்த வகை விமானம் என்பதையும் முன்பதிவுக்கு முன் பார்த்துவிட வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அருகிலுள்ள நாடுகளுக்கு இயக்கும் போயிங் 787-10 விமானத்தில் 36 பிசினஸ் இருக்கைகள் உள்ளன. ஒரு வரிசைக்கு 1-2-1 என்ற அமைப்பில் (இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு), எல்லாருக்கும் நடைபாதை நேரடியாகக் கிடைக்கும் விதத்தில், 76 அங்குலப் படுக்கையாக அவை முழுக்கத் தட்டையாகின்றன. குறுகிய தூர ஏர்பஸ் ஏ350 விமானத்தின் 40 பிசினஸ் இருக்கைகளும் இதே வகைதான். நெடுந்தூர ஏ350 விமானத்தைப் போல இருக்கையின் முதுகை மடித்துக் கவிழ்க்கத் தேவையில்லை. பொத்தானை அழுத்தினால் அப்படியே சாய்ந்து படுக்கையாகிவிடும் என்பது குறுகிய பயணத்தில் சிறிய விஷயம் இல்லை. போயிங் 737-8 விமானத்தில் பத்தே பிசினஸ் இருக்கைகள். அவையும் தட்டையாகும் என்றாலும், சில வரிசைகளில் இருவர் அடுத்தடுத்து அமர்வதால் சன்னலோரத்தில் இருப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். பிசினஸ் என்ற பெயரில் சற்று அகலமான சாய்வு நாற்காலியை மட்டுமே தரும் விமானங்களும் பல உண்டு. ஏர் இந்தியாவின் ஏ320நியோவில் உள்ள எட்டு இருக்கைகள் அத்தகையவை. தூக்கத்துக்காக மைல்களைக் கொடுப்பவர் அத்தகைய இருக்கைக்கு அவற்றைக் கொடுக்கக் கூடாது.

நெடுந்தூரப் பயணத்துக்குச் சேர்த்து வைப்பதே அறிவுடைமை என்பவர்களின் வாதம் வலுவானது. அதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாகும் லண்டன் பயணத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் செலவாகும் மைல்கள், சென்னைப் பயணத்தைவிடக் குறைவு. எனினும் இந்தக் கணக்கு, மைல்கள் அதே மதிப்பில் காத்திருக்கும் என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. கிரிஸ்ஃபிளையர் மைல்கள் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகின்றன. டிக்கெட்டுக்குத் தேவையான மைல்களின் அட்டவணை 2017, 2019, 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் பல வழித்தடங்களுக்குக் கூடுதல் மைல்கள் தேவைப்பட்டன. கடன் அட்டைச் செலவுக்கு வங்கி தரும் புள்ளிகளாகவே வைத்திருந்து தேவைப்படும்போது மைல்களாக மாற்றிக்கொண்டால் காலாவதிச் சிக்கல் சற்றுத் தள்ளிப்போகும், விலையேற்றம் தள்ளிப்போகாது. உறுதியான தேதியோடு ஒரு நெடும்பயணம் திட்டத்தில் இருப்பவர் சேர்க்கட்டும். என்றோ ஒரு நாள் போகலாம் என்று மட்டும் நினைப்பவர், ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஊர்ப் பயணத்தில் அவற்றைச் செலவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

நாற்பது கிலோ பெட்டி, தனி வரிசை, லவுஞ்ச் ஆகியவை எல்லாருக்கும் தெரிந்த வசதிகள். ஊரிலிருந்து பொடிகளும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு வருபவருக்கு அந்த நாற்பது கிலோ பயன்படும், ஆனால் அதற்காகவே மைல்களைக் கொடுக்க மாட்டேன். ஒரு மணி நேரக் கோலாலம்பூர்ப் பயணத்துக்கோ, சென்னையிலிருந்து கொழும்புக்கோ பிசினஸ் வகுப்பு தேவையில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு இந்த அலசல் முழுவதுமே பொருந்தாமல் போகலாம். பல மணி நேரம் சாலையில் சென்னைக்கு வந்து படுக்கையில் பறப்பதைவிட, திருச்சியிலிருந்து மலிவுக் கட்டண ஸ்கூட் விமானத்தில் நேராகச் சிங்கப்பூருக்கு வருவது உடலுக்கும் பணப்பைக்கும் இலகுவானது. சிறு குழந்தைகளுடன் இரவு விமானத்தில் பிசினஸ் வகுப்பு எப்படி இருக்கும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. 1-2-1 அமைப்பில் நடுவிலுள்ள இரட்டை இருக்கைகள் உதவக்கூடும் என்று ஊகிக்க மட்டுமே முடிகிறது.

முன்பதிவைப் பொறுத்தவரை, விடுமுறைத் தேதி உறுதியானவுடன் குறைந்த மைல்களுக்கான 'சேவர்' இருக்கையைத் தேடுகிறேன். இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு, பணத்தில் ஒரு மாற்று டிக்கெட்டின் விலையைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். பட்டியலில் நம் முறை வரும்வரை மைல்கள் நம் கணக்கில் போதுமான அளவு இருக்க வேண்டும். சேவர் கிடைக்கவில்லை என்று தெரிந்தபின் அதைவிடக் கூடுதல் மைல்கள் கேட்கும் 'அட்வான்டேஜ்' வகைக்கு நான் போவதில்லை; அந்த ஆண்டு ஒரு நாள் கூடுதல் விடுப்பு எடுத்துக்கொண்டு, பகல் விமானத்தில் எகானமியில் திரும்பிவிடுகிறேன்.