38 டைன் பேனா: பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

பால் கவர், மசாலா கவர் அச்சிடும் யூனிட்டில் வேலை. பிலிம் ரோல் வந்து இறங்கியதும் நான் முதலில் எடுப்பது டைன் பேனாவைத்தான். பிலிமில் மை பிடிக்குமா என்று கோடு போட்டுப் பார்க்கும், சோதனைத் திரவம் நிரப்பிய பேனா இது. மை உரியும் தொல்லையில் பாதிக்கு மேல், மெஷின் ஓடுவதற்கு முன்பே இது காட்டிக் கொடுத்திருக்கிறது.

பாலித்தீனில் மை சும்மா ஒட்டாது. அதன் மேற்பரப்பு ஆற்றல், அதாவது திரவத்தைப் பரவவிட்டுப் பிடித்துக்கொள்ளும் திறன், சுமார் 31 டைன்தான் (டைன் அதன் அளவு). கொரோனா ட்ரீட்மென்ட் (பிலிமின் மேற்பரப்பில் உயர் மின்னழுத்த மின்பொறி பாய்ச்சுவது) கொடுத்து 38க்கு மேல் ஏற்றினால்தான் சால்வென்ட் (கரைப்பான்) மை பரவிப் பிடிக்கும். பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். இரண்டு விநாடி கோடு கலையாமல் நின்றால் சரி. சேம்பு இலைத் தண்ணீர் மாதிரி துளித்துளியாகச் சுருண்டால் ரோலை ஏற்ற வேண்டாம். இரண்டு ஓரத்திலும் நடுவிலும் பாருங்கள். ஓரம் மட்டும் ட்ரீட்மென்ட் குறைந்த ரோல்களும் வரும்.

நாளாக ஆக ட்ரீட்மென்ட் இறங்கும். வழவழப்புக்காகப் பிலிமில் சேர்க்கும் எருகமைடு மேலே கசிந்து மூடிக்கொள்ளும். சூடான குடோனில் இன்னும் வேகமாக. அப்படிப்பட்ட ரோலில் டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் மை டேப்போடு வந்துவிடும். "மை சரியில்லண்ணே, வேற டின் உடைக்கவா?" என்பார் ஆபரேட்டர். டின் இருக்கட்டும் தம்பி, முதலில் பிலிமைப் பார் என்பேன்.

தப்பாக விழுந்த மையை எத்தில் அசிடேட் என்ற கரைப்பான் தொட்ட துணியால் துடைத்துவிடலாம். நைட்ரோசெல்லுலோஸ் மை சட்டென்று கரையும். ஆனால் கொரோனா உண்டாக்கிய ஆக்சிஜன் ஏறிய மேற்படலத்திலும் கொஞ்சம் துணியோடு போய்விடும். அங்கே திரும்ப அடித்தால் பழைய பிடிப்பு இருக்காது. துடைத்த பகுதியை வெட்டி ஒதுக்குவதே நல்லது.

பேனாவின் பெரிய குறை அதன் முனை. பிலிமில் இருக்கும் எருகமைடையும் தூசியையும் இழுத்துக்கொள்ளும். பேனாத் திரவத்தின் பரப்பு இழுவிசை குறைந்து, மோசமான ரோலில்கூடக் கோடு அழகாக நிற்கும்! அதனால் சரக்கு வாங்கும் இடத்தில் பாட்டிலில் வரும் டைன் திரவமும் ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சுக் குச்சியும்தான் என் தேர்வு. பேனா, மெஷின் பக்கத்தில் அவசரத்துக்குப் போதும்.

இன்னொன்று, வழக்கமான டைன் திரவத்தில் ஃபார்மமைடு உண்டு, கருவைப் பாதிக்கக்கூடியது. கையுறை போடுங்கள், கோடு போட்ட துண்டை உணவுக் கவர் பக்கம் விடாதீர்கள்.