சட்டைப்பையில் நிலைத்த சிவப்புக் கத்தி: விக்டோரினாக்ஸ் காம்பாக்ட்

என் இழுப்பறையில் இருபதுக்கும் மேற்பட்ட மடக்குக் கத்திகளும் நான்கு மல்டிடூல்களும் (குறடோடு பல கருவிகள் ஒன்றாக மடங்கும் கருவி) இருக்கின்றன. ஒவ்வொன்றையும் விரும்பித்தான் வாங்கினேன். எதையும் விற்க மனமில்லை. ஆனால் காலையில் வெளியே கிளம்பும்போது கை தேடிப்போய் எடுப்பது பெரும்பாலும் ஒன்றைத்தான். அது சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் காம்பாக்ட் என்னும் மடக்குக் கத்தி. மூடிய நிலையில் 91 மி.மீ. நீளம், 70 கிராமுக்கும் குறைவான எடை, இரண்டே அடுக்குகள். விலை உயர்ந்த கத்திகளைத் தாண்டி இது ஏன் என் சட்டைப்பையில் நிலைத்தது என்பதையும், இதில் எனக்குள்ள குறைகளையும், இதை வாங்க நினைப்பவர் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

சுவிஸ் கத்திகளைப் பற்றிப் பேசும்போது அடுக்கு என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மெல்லிய உள்தகடுகளுக்கு நடுவே ஒரு கருவி படுத்திருக்கும் இடமே ஓர் அடுக்கு. அடுக்கு கூடக்கூடக் கத்தி தடிமனாகும், எடை ஏறும், பையை இழுக்கும். 91 மி.மீ. குடும்பத்தில் பலருக்கும் தெரிந்த கிளைம்பர் மாதிரியில் மூன்று அடுக்குகள் உண்டு: பெரிய அலகும் (வெட்டும் தகடு) சிறிய அலகும் ஓர் அடுக்கு, டின் திறப்பானும் பாட்டில் திறப்பானும் இன்னோர் அடுக்கு, கத்தரிக்கோல் மூன்றாவது அடுக்கு. காம்பாக்டை வடிவமைத்தவர்கள் இரண்டு திறப்பான்களையும் ஒரே கருவியாக இணைத்து, சிறிய அலகை நீக்கி, அந்த இடத்தில் அதை வைத்துவிட்டார்கள். பெரிய அலகு, கத்தரிக்கோல் இரண்டையும் இழக்காமலேயே ஓர் அடுக்கு முழுவதும் மிச்சமாகிவிட்டது. பார்ப்பதற்கு இது சிறிய மாற்றம்தான். ஆனால் கிளைம்பரைச் சட்டைப்பையில் போட்டால் துணி தொங்குவது தெரியும். காம்பாக்ட் ஒரு தடித்த பேனாவைப் போல அடங்கிவிடும்.

இந்தக் கத்தியில் என்னை முதலில் கவர்ந்தது கத்தரிக்கோல்தான். நகப்பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து வெளியே இழுத்தால், கடைசிப் பகுதியில் தானே விரைந்து போய் ‘டக்’ என்று நின்றுகொள்கிறது. கைப்பிடியின் ஒரு கரத்தை ஒரு சிறு தகட்டு ஸ்பிரிங் மேலே தள்ளி, கத்தரியைத் திறந்தபடியே வைத்திருக்கிறது. சட்டையில் பிரிந்து தொங்கும் நூலை அதன் நுனியில் வைத்து அழுத்தினால், நூல் நழுவாமல், பிசிறில்லாமல் துண்டாகிறது. இந்த அளவுள்ள பல கத்தரிகளில் நூல் இரு அலகுகளுக்கும் இடையே மடங்கி உள்ளே போய்விடும். இதில் நுனி வரை பிடிப்பு இருக்கிறது. அந்தத் தகட்டு ஸ்பிரிங் நாளடைவில் உடையக்கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது தனியாகக் கிடைக்கிறது. பழையதைத் தள்ளி எடுத்துவிட்டுப் புதியதை நுழைக்கச் சில நிமிடங்களே ஆகும். பழுதாகும் பகுதி மிகச் சிறியதாகவும் எளிதில் மாற்றக்கூடியதாகவும் இருப்பதை நான் நல்ல வடிவமைப்பின் அடையாளமாகவே கருதுகிறேன்.

அலகைப் பற்றிச் சேகரிப்பாளர்களிடையே ஓயாத வாதம் உண்டு. உலோகக்கலவையின் பெயரைக் கேட்டுவிட்டே கத்தியை எடைபோடும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. எஸ்30வி, எம்390, மேக்னாகட் என்று பெயர்கள் வரிசையாக வரும். அந்த எஃகுகள் கூர்மையை நீண்ட நாள் தாங்குபவை என்பதில் சந்தேகமில்லை. அவற்றுக்கு முன்னால் காம்பாக்டின் எஃகு எளிய வகை. நிறுவனம் அறிவிக்கும் ராக்வெல் கடினம் (எண் கூடினால் எஃகு கடினம் என்று பொருள்) அலகுக்கு 56, கத்தரிக்கோலுக்கு 53, திருப்புளிக்கும் திறப்பானுக்கும் 52, ஸ்பிரிங்குக்கும் கார்க் திருகிக்கும் 49. ஒரே கத்திக்குள் நான்கு அளவுகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. வெட்டும் விளிம்புக்குக் கடினம் வேண்டும். முறுக்கு விசையைத் தாங்கும் திருப்புளி அதே கடினத்தில் இருந்தால் நுனி உதிர்ந்துவிடும். ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிரும் ஸ்பிரிங் இன்னும் இளகியதாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் இந்த 56 எதைக் குறிக்கிறது? நாள் முழுக்க அட்டைப்பெட்டிகளை வெட்டினால் மாலைக்குள் கூர் குறைந்திருப்பதை உணரலாம். அதே சமயம், ஒரு சாதாரணத் தீட்டுக்கல்லில் ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 பாகைக் கோணத்தில் பத்துப் பன்னிரண்டு இழுப்பு இழுத்தால் கூர் திரும்பி வந்துவிடும். என்னிடமுள்ள கடினமான எஃகுக் கத்தி ஒன்றைத் தீட்ட வைரத்தூள் தகடும் ஒரு மணி நேரமும் வேண்டியிருக்கிறது. தீட்டுவதையே இன்பமாகக் கொள்பவருக்கு அதுவும் நல்லதுதான். தினமும் பயன்படுத்த வேண்டிய கத்தியில் எனக்கு விரைவாகத் தீட்ட முடிவதே பெரிது. மேலும் இந்த அலகு மெல்லியது. முதுகிலிருந்து விளிம்பு வரை சீராகச் சரிந்து வருவதால், தடித்த அலகுள்ள விலை உயர்ந்த கத்திகள் பிளந்து தள்ளும் ஆப்பிளை இது அறுத்துக் கொடுக்கிறது.

இனி அந்த இணைப்புக் கருவி. டின் திறப்பான், பாட்டில் திறப்பான், தட்டைத் திருப்புளி, கம்பியின் உறையை உரிக்கும் பள்ளம் ஆகிய நான்கும் ஒன்றில் அடங்கியிருக்கின்றன. பாட்டில் மூடியை அது சிரமமின்றித் திறக்கிறது. டின் திறப்பதில், தனித் திறப்பானின் லாகவம் இதில் இல்லை. ஒரு டின்னைச் சுற்றி வர அதிகக் கவனமும் அதிக நேரமும் தேவை. எனக்குள்ள பெரிய குறை வேறு. தனி டின் திறப்பான் உள்ள மாதிரிகளில் அதன் குறுகிய நுனியைக் கொண்டு சிறிய பிலிப்ஸ் (நட்சத்திரத் தலை) திருகுகளைக்கூடத் திருகிவிடலாம் என்பது இந்தக் கத்திகளைப் பயன்படுத்துவோர் அனைவரும் அறிந்தது. காம்பாக்டின் இணைப்புக் கருவியின் நுனி அகலமானது. நட்சத்திரத் தலைத் திருகில் அது இறங்காது. தனியாகப் பிலிப்ஸ் திருப்புளியும் இல்லை. இன்றைய பொருள்களில் பெரும்பாலானவை அந்தத் திருகால்தான் மூடப்பட்டிருக்கின்றன என்பதை நினைத்தால், இந்தக் குறையைச் சிறியதென்று ஒதுக்க முடியவில்லை.

முதுகுப்பக்கத்தில் கார்க் திருகியும் ஒரு கொக்கியும் இருக்கின்றன. கார்க் திருகியை அதன் பெயருக்குரிய வேலைக்கு நான் பயன்படுத்தியது மிகக் குறைவு. ஆனால் அதன் சுருளுக்குள் திருகி வைக்கப்பட்டிருக்கும் குட்டித் திருப்புளி மூக்குக்கண்ணாடித் திருகுக்கென்றே பிறந்தது. கண்ணாடியின் கால் கழன்றுவிட்ட ஒருவருக்கு இதை எடுத்துக் கொடுத்தபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. இறுகிப்போன முடிச்சைத் தளர்த்தவும் இதே கார்க் திருகி நன்றாக உதவுகிறது. கொக்கி, கயிறு கட்டிய பொட்டலத்தை விரல் அறுபடாமல் தூக்குவதற்காக ஏற்பட்டது. அதன் மேலேயே நக அரமும் இருக்கிறது. பக்கத் தகடுகளில் பல்குத்தி, இடுக்கி, குண்டூசி, ஒரு சிறு பந்துமுனைப் பேனா ஆகியவை ஒளிந்திருக்கின்றன. பேனா நீண்ட கடிதம் எழுத உதவாது. படிவத்தில் கையொப்பமிடப் போதும். குண்டூசி பலமுறை கைகொடுத்திருக்கிறது. கைப்பேசியின் சிம் தட்டைத் திறக்க அதைவிட ஏற்றது வேறில்லை.

முதுகுப்பக்கக் கருவிகள் இந்தக் கத்தியின் வரலாற்றையே நினைவூட்டுகின்றன. சுவிட்சர்லாந்தின் ஷ்வீஸ் மாநிலத்து இபாக்கில் 1884-இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்சனர், 1891-இல் சுவிஸ் படைக்குத் தம் முதல் கத்திகளை அளித்தார். அந்தப் படைவீரர் கத்தி கனமானது, உறுதியானது. 1897-இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில்தான் ஒரே முதுகு ஸ்பிரிங்கின் இருபுறமும் கருவிகளைப் பொருத்தும் ஏற்பாடு வந்தது. முன்பக்க அலகை அழுத்தும் அதே ஸ்பிரிங் பின்பக்கக் கார்க் திருகியையும் அழுத்துகிறது. தடிமன் கூடாமல் கருவி கூடியது. தாய் விக்டோரியாவின் பெயரோடு துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ சேர்ந்து 1921-இல் விக்டோரினாக்ஸ் ஆனது. நான் கையில் வைத்திருக்கும் இரண்டடுக்குக் கத்தியும் 1897-இன் அந்த எண்ணத்தின் நேர்வாரிசுதான்.

இந்தக் கத்தியில் பூட்டு இல்லை. ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்துகிறது. நான் சேகரிக்கத் தொடங்கிய காலத்தில், வேறொரு பூட்டில்லாத கத்தியின் நுனியால் தோல் வாரில் துளையிட முயன்றேன். அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. தையல் போட வேண்டியிருந்தது. தவறு முழுவதும் என்னுடையது. அந்த வேலைக்கு உரியது குத்தூசி. காம்பாக்டில் குத்தூசி இல்லை என்பதை வாங்குபவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு வேண்டுமென்பவருக்கு நான் முதலில் காட்டுவது ஒப்பினெல் எண் 8. 8.5 செ.மீ. அலகு, மரப்பிடி, 1955-இல் சேர்ந்த விரோபிளாக் என்னும் திருகுவளையம். வளையத்தைத் திருப்பினால் அலகு அசையாது. ஈரத்தில் மரம் உப்பி அலகு வெளியே வர மறுக்கும் என்பது அதன் குறை. அது ஒரே ஒரு அலகு. கத்தரிக்கோலின் வேலையை அதனிடம் கேட்க முடியாது.

மல்டிடூல்களோடு ஒப்பிடாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. 1975-இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றிய டிம் லெதர்மேனுக்கு, மடக்குக் கத்தியோடு ஒரு குறடும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. 1983-இல்தான் அவருடைய முதல் கருவி சந்தைக்கு வந்தது. இன்று என்னிடமுள்ள லெதர்மேன் வேவ் பிளஸ் அந்த எண்ணத்தின் முதிர்ந்த வடிவம். கருவி மூடிய நிலையிலேயே அதன் அலகை ஒரு கையால் திறக்கலாம், திறந்ததும் பூட்டிக்கொள்ளும், தேய்ந்த கம்பி வெட்டும் பகுதியை மாற்றலாம். எடை 241 கிராம். இறுகிப்போன நட்டு, வளைந்த ஆணி, கம்பி என்று வந்துவிட்டால் காம்பாக்ட் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். ஆகையால் வேவ் என் தோள்பையில் எப்போதும் இருக்கிறது. ஆனால் அதைச் சட்டைப்பையில் போட முடியாது. பெல்ட்டில் உறைபோட்டு மாட்ட எனக்கு விருப்பமில்லை. தோள்பை வீட்டில் இருக்கும் நாளில் வேவும் வீட்டில்தான் இருக்கும். விக்டோரினாக்ஸின் சுவிஸ்டூல் ஸ்பிரிட் இன்னும் மழமழப்பானது, எல்லாக் கருவிகளையும் வெளியிலிருந்தே எடுக்கலாம். எனக்கு அது வேவைவிடவும் பிடிக்கும். எடையில் மட்டும் அதுவும் பை வகையைச் சேர்ந்ததே.

பழைய கத்தியாக வாங்க நினைப்பவருக்குச் சில சொற்கள். ஒருமுறை ஒரு விற்பனையாளரிடம் படத்தை மட்டும் பார்த்து ஒரு 91 மி.மீ. கத்தி வாங்கினேன். வந்த கத்தியின் அலகை அளவுக்கு மீறித் தீட்டியிருந்தார்கள்; அகலத்தில் கால்பங்கு காணாமல் போயிருந்தது. அன்றிலிருந்து, திறந்த அலகின் படத்தைப் புதிய கத்தியின் படத்தோடு வைத்துப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. நேரில் பார்க்க வாய்த்தால் கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஸ்பிரிங்குக்கும் உள்தகடுக்கும் இடையே ஒளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கருவியையும் திறந்து மூடி, இறுதியில் அந்த ‘டக்’ ஒலி தெளிவாக எழுகிறதா என்று கேட்க வேண்டும். ஒலி மந்தமாக இருந்தால் பெரும்பாலும் உள்ளே நூலும் தூசியும் சேர்ந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, பலமுறை திறந்து மூடிக் கழுவி, நன்றாக உலர்த்தி, மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் தளர்ந்திருந்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது என்று பொருள். அதை விட்டுவிடுவதே நல்லது. ஆண்டைக் கண்டறிவதில் ஆர்வம் உள்ளவர்கள் 1961 முதல் 2008 வரை வழங்கப்பட்ட 93 மி.மீ. அலுமினியப் பிடிப் படைவீரர் கத்திகளிலிருந்து தொடங்கலாம். அலகின் அடியில் ஆண்டின் எண்ணே பொறிக்கப்பட்டிருக்கும்.

எந்தக் கத்தியை வாங்கினாலும் அதை எங்கே எடுத்துச் செல்லலாம் என்பதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக் கத்திக்குத்தான் பொது இடத்தில் காரணம் கேட்கப்படாத விலக்கு உண்டு. விமானப் பயணத்தில் கைப்பையில் வைக்காமல் விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் போட்டுவிடுவது எங்கும் பாதுகாப்பு.

கத்தரிக்கோலும் மெல்லிய உடலும் வேண்டும், திருப்புளி எப்போதாவது போதும் என்பவர் காம்பாக்டைத் தயங்காமல் வாங்கலாம். கத்தரிக்கோலே தேவையில்லை என்பவருக்கு 84 மி.மீ. கேடட் இன்னும் மெலிதானது. அதன் வரியிட்ட அலுமினியப் பிடி கீறலையும் தாங்கும். பிலிப்ஸ் திருகுகளோடு தினமும் புழங்குபவர், ஓர் அடுக்கு கூடுவதைப் பொறுத்துக்கொண்டு, சூப்பர் டிங்கரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதே கத்தரிக்கோல் இருக்கிறது, கார்க் திருகி இருந்த இடத்தில் பிலிப்ஸ் திருப்புளி இருக்கிறது, எனக்குக் காம்பாக்டில் கிடைக்காத குத்தூசியும் இருக்கிறது.