மேனிங்கா, லீஃபா: ஒரு குவாட்டர்பேக்கின் குணத்தை எதை வைத்து எடைபோடுவது?

1998ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அமெரிக்கக் கால்பந்து உலகம் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றி வந்தது. ஏப்ரலில் நியூயார்க்கில் நடக்கவிருந்த என்.எஃப்.எல். டிராஃப்ட்டில், அதாவது கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் தேர்வு உரிமை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியிடம் இருந்தது. தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் குவாட்டர்பேக்காக அந்த அணி எடுக்க வேண்டியது டென்னசி பல்கலைக்கழகத்தின் பெய்டன் மேனிங்கையா, வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரையன் லீஃபையா என்பதே அந்தக் கேள்வி. விடை இன்று எல்லோருக்கும் தெரியும். மேனிங் ஐந்து முறை ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதையும் இரண்டு சூப்பர் பவுல் இறுதிப்போட்டிகளையும் வென்று, 2021இல் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். லீஃப் தொடக்க வீரராகக் களமிறங்கிய 21 ஆட்டங்களில் அவருடைய அணி வென்றவை நான்கு மட்டுமே. முடிவு தெரிந்த பிறகு, ஒருவர் பண்பாளர், மற்றவர் பொறுப்பற்றவர், ஆகவே குணம் வென்றது என்று கதையை முடித்துவிடுகிறார்கள். அன்றைய தேர்வாளர்களின் கையில் இருந்த சான்றுகளை மட்டும் எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. சில சான்றுகள் இருவரையும் பிரித்துக் காட்டவே இல்லை. பிரித்துக் காட்டியவையோ பலரும் கவனிக்கத் தவறிய இடத்தில் இருந்தன.

உடலளவில் இருவரும் ஆறடி ஐந்து அங்குலம். ஐம்பது கேள்விகளுக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் விடையளிக்க வேண்டிய ஒண்டர்லிக் அறிவுத்திறன் தேர்வில், வெளியான கணக்குப்படி, மேனிங் பெற்றது 28, லீஃப் பெற்றது 27. கைவலு லீஃபுக்கே அதிகம் என்று பலர் நம்பினார்கள். மேனிங் ஏறக்குறைய முழுமையாகத் தேர்ந்துவிட்டார், இனி அவர் வளர இடமில்லை, லீஃபிடம்தான் எதிர்காலம் இருக்கிறது என்ற வாதம் அன்று மதிப்போடு பேசப்பட்டது. லீஃப் 1997 பருவத்தில் 34 டச்டவுன் பாஸ்களை (எதிரணியின் எல்லையில் புள்ளி சேர்க்கும் எறிதல்களை) எறிந்து, 67 ஆண்டுகளாக ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தை எட்டாத ஒரு பல்கலைக்கழகத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர். மேனிங்கோ தொடக்க வீரராகப் புளோரிடா பல்கலைக்கழக அணியை ஒருமுறைகூட வெல்லாதவர். சான் டியேகோ சார்ஜர்ஸ் அணி மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஓரடி முன்னேறுவதற்காக மட்டுமே அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு, அந்த ஆண்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வு, கூடவே இரண்டு வீரர்கள் என்று வாரிக் கொடுத்ததை இந்தப் பின்னணியில் பார்த்தால் அது மடத்தனமாகத் தெரியாது. இருவரில் யார் கிடைத்தாலும் லாபம் என்றே அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

என் பார்வையில் இருவரையும் உண்மையில் பிரித்தது அவர்கள் கல்லூரியில் கடந்து வந்த பாதை. மேனிங் 1994இல் டென்னசியில் சேர்ந்தபோது மூத்த குவாட்டர்பேக்குகளுக்குப் பின்னால் நின்றவர்; முன்னால் இருந்தவர்கள் காயமடைந்ததால் முதலாண்டிலேயே களத்துக்குத் தள்ளப்பட்டார். அதன் பின் 45 ஆட்டங்களில் தொடக்க வீரராக ஆடி 39இல் வென்றார். மூன்று ஆண்டுகளில் பட்டப்படிப்பை முடித்துவிட்ட நிலையில், 1997 டிராஃப்ட்டில் நுழைந்திருந்தால் முதல் வரிசையிலேயே எடுக்கப்பட்டிருப்பார் என்று பரவலாக எதிர்பார்க்கப்பட்டபோதும், நான்காம் ஆண்டும் கல்லூரிக்காகவே ஆடினார். புளோரிடாவிடம் பெற்ற தோல்விகளை அவருக்கு எதிரான சான்றாகப் பலர் காட்டினார்கள். நான் அவற்றை அவருக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்வேன். ஒவ்வோர் ஆண்டும் நாடே பார்க்கத் தோற்று, அடுத்த வாரமே அதே கவனத்தோடு பயிற்சிக்கு வந்து, மீதி ஆட்டங்களை ஏறக்குறைய முழுவதுமாக வென்ற ஒருவர், கெட்ட நாளுக்குப் பிறகு எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு நான்கு ஆண்டு ஒளிப்பதிவு இருந்தது. லீஃபுக்கு முழுமையான பருவங்கள் இரண்டே. அதில் இரண்டாவது, எல்லாமே கைகூடிய பருவம். அவர் பெரிய சறுக்கலிலிருந்து எப்படி எழுவார் என்று காட்டும் சான்று மிகக் குறைவாகவே இருந்தது.

நேர்காணலுக்கு வருவோம். இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் நடக்கும் கம்பைன் என்ற கூட்டுப் பரிசோதனையின்போது மேனிங் குறிப்பேட்டோடு வந்து, தம்மைக் கேள்வி கேட்க வேண்டியவர்களைத் தாமே கேள்விகளால் துளைத்தார் என்று கோல்ட்ஸ் அணியின் அன்றைய தலைமை நிர்வாகி பில் போலியன் பிற்காலத்தில் விவரித்திருக்கிறார். லீஃப் அதே அணியுடன் குறிக்கப்பட்டிருந்த சந்திப்புக்கு வரவில்லை. காரணம் பலவிதமாகச் சொல்லப்படுகிறது. எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் எடையோடு வந்தார் என்பதும் பேசப்பட்டது. இவற்றில் குறிப்பேட்டுக் கதைக்கு நான் அதிக மதிப்பு தரமாட்டேன், ஏனெனில் எந்த முகவரும் தன் வீரருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பக்கூடிய செயல் அது. எடை அப்படியல்ல: பருவம் முடிந்து மேற்பார்வை இல்லாத வாரங்களில் ஒருவர் தம்மை எப்படி வைத்துக்கொள்கிறார் என்பதற்கு அது நேரடிச் சான்று.

முதல் தொழில்முறைப் பருவம் இருவருக்கும் கடுமையாகவே அமைந்தது. மேனிங் 28 இன்டர்செப்ஷன்களை வழங்கினார். புதுமுக வீரர் எவரும் ஒரு பருவத்தில் அத்தனை பந்துகளை எதிரணியிடம் கொடுத்ததில்லை. கோல்ட்ஸ் அணி மூன்று ஆட்டங்களில் வென்று 13இல் தோற்றது. லீஃப் முதல் இரண்டு ஆட்டங்களிலும் வென்றார். மூன்றாவது ஆட்டம் கான்சாஸ் சிட்டியில், மழையில். 15 முறை எறிந்ததில் ஒன்றே ஒன்று தன் அணியினரின் கையில் சேர்ந்தது. கிடைத்தது நான்கு கெஜம். இரண்டு பந்துகளை எதிரணி இடைமறித்தது, மூன்றைக் கைதவறவிட்டுப் பறிகொடுத்தார். ஆட்டம் முடிந்த மறுநாள், உடைமாற்றும் அறையில் ஒரு செய்தியாளரை அவர் கத்தி விரட்டிய காட்சி தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியது. அந்தக் காட்சி அவரது பெயரோடு ஒட்டிக்கொண்டது. என்னைக் கேட்டால், அந்த ஒரு கத்தலைவிட அதற்குப் பின் வந்த வாரங்களே முக்கியமானவை: பருவம் முடியும்போது அவர் கணக்கில் இரண்டு டச்டவுன்களும் 15 இன்டர்செப்ஷன்களும் இருந்தன. மேனிங் தவறு செய்யச் செய்ய அதே அளவு எறிந்துகொண்டே இருந்து, 26 டச்டவுன்களையும் சேர்த்தார். அடுத்த பருவத்தில் அணி 13 ஆட்டங்களில் வென்றது.

இங்கே லீஃபுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேனிங்குக்குப் பயிற்சியாளர் ஜிம் மோரா 16 ஆட்டங்களையும் கொடுத்தார். பந்தைப் பிடிக்கும் மார்வின் ஹாரிசனும் பந்தோடு ஓடும் மார்ஷல் ஃபாக்கும் அவருக்கு அருகில் இருந்தார்கள். தாக்குதல் ஆட்டத்தை வகுத்த டாம் மூர் பத்தாண்டுக்கும் மேலாக உடனிருந்தார். சான் டியேகோவில் தலைமைப் பயிற்சியாளர் கெவின் கில்பிரைட் முதல் பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டார்; லீஃபும் உட்காரவைக்கப்பட்டார்; இரண்டாம் பருவம் தோள்பட்டைக் காயத்தில் போயிற்று. இருவரும் இடம் மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இடைவெளி இவ்வளவு அகலமாக இருந்திருக்காது என்றே கருதுகிறேன். பிற்காலத்தில் வலிநிவாரணிப் பழக்கத்தில் சிக்கிச் சிறை சென்று மீண்டு, அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவரும் மனிதரை இன்னமும் கேலிப்பொருளாக்குவது சரியான ஆய்வும் ஆகாது.

கல்லூரிப் பாதைக்கு முதலிடம் தர வேண்டும் என்பதற்கு இன்னொரு இணை, அதுவும் ஒரே அணிக்குள், கிடைத்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் 2021இல் ட்ரே லான்ஸை மூன்றாவது தேர்வாக எடுக்க மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளை விட்டுக்கொடுத்தது. நார்த் டகோட்டா ஸ்டேட்டில் 2019இல் 28 டச்டவுன்கள், ஓர் இன்டர்செப்ஷன்கூட இல்லை. ஆனால் தொடக்க வீரராக அவர் ஆடியவை மொத்தம் 17 ஆட்டங்கள். அடுத்த ஆண்டு டிராஃப்ட்டின் கடைசித் தேர்வாக, 262ஆம் இடத்தில், அதே அணி பிராக் பர்டியை எடுத்தது. உயரமும் கைவலுவும் குறைவு. ஐயோவா ஸ்டேட்டில் நான்கு ஆண்டுகள் ஆடிய அனுபவம் மட்டும் நிறைய. மற்றவர்கள் காயமடைந்தபோது களமிறங்கிய பர்டி, 2023 பருவத்தில் அணியை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். லான்ஸ் அந்தப் பருவத்துக்கு முன்பே ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்காக டாலஸுக்கு மாற்றப்பட்டிருந்தார். குவாட்டர்பேக்கிடம் குறைந்தது 30 தொடக்க ஆட்டங்களும் 23 வெற்றிகளும் கல்லூரிப் பட்டமும் எதிர்பார்த்த பயிற்சியாளர் பில் பார்செல்ஸின் பழைய விதி, இத்தகைய இணைகளில் நன்றாகவே தாங்குகிறது.

விதிவிலக்கும் உண்டு. பேட்ரிக் மஹோம்ஸ் அந்த விதியின் பல நிபந்தனைகளை நிறைவேற்றாமலே 2017இல் கான்சாஸ் சிட்டி அணிக்கு வந்து, மூத்த குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஏறக்குறைய ஓராண்டு உட்கார்ந்து கற்று, விதியைப் பொருட்படுத்தாத உயரத்தை எட்டினார். அனுபவக் குறைவை ஈடுகட்டப் பொறுமையுள்ள அணி வேண்டும் என்பதற்கே அதை நான் சான்றாகக் கொள்வேன்.

தேர்வுத் தாள்களை மட்டும் நம்பும் போக்கு எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. 2023 டிராஃப்ட்டுக்கு முன், எஸ்2 என்ற அறிவுத்திறன் தேர்வில் சி.ஜே. ஸ்ட்ரௌட் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றதாகவும் பிரைஸ் யங் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றதாகவும் செய்திகள் கசிந்தன. ஓர் இளைஞரின் சிந்தனைத் திறனே பொதுவெளியில் விவாதப் பொருளானது. கரோலைனா யங்கை முதலாவதாக எடுத்தது. ஹூஸ்டன் ஸ்ட்ரௌடை இரண்டாவதாக எடுத்தது. முதல் பருவத்தில் ஸ்ட்ரௌட் 23 டச்டவுன்களுக்கு ஐந்தே இன்டர்செப்ஷன்களோடு சிறந்த புதுமுக விருதை வென்றார்; யங்கின் அணி இரண்டே ஆட்டங்களில் வென்றது. அதோடு கணக்கு முடியவும் இல்லை. 2024இல் இரண்டே ஆட்டங்களுக்குப் பிறகு உட்காரவைக்கப்பட்ட யங், பின்னர் திரும்பி வந்து, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவைக் கூடுதல் நேரத்தில் 44-38 என்று வீழ்த்தினார். அதே பருவத்தில் ஸ்ட்ரௌட் 52 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டு, இன்டர்செப்ஷன்களை 12ஆகப் பெருக்கினார். 1998ஆம் ஆண்டின் இணையைப் பற்றி உறுதியாக எழுதுவதுபோல் இந்த இணையைப் பற்றி இப்போது எழுத நான் துணியமாட்டேன்.