மூடி போட்ட வாளியா, பனிக்குழியா?

அமெரிக்காவின் ராக்கி மலைகளில் மழையோடும் பனியோடும் இறங்கும் சல்பேட், நைட்ரேட், அம்மோனியம் ஆகிய அயனிகளை (நீரில் கரைந்திருக்கும் மின்னேற்றத் துகள்களை) அளக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, 1978-இல் தொடங்கிய தேசிய வளிமண்டலப் படிவுத் திட்டத்தின் வாளி. உணரியில் ஈரம் பட்டதும் மூடி விலகும். மழை நின்றால் தானே மூடிக்கொள்ளும். அதனால் வறண்ட தூசி அவ்வளவாகச் சேராது. செவ்வாய்க்கிழமைதோறும் மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எந்த வாரம் எவ்வளவு வந்தது, பல ஆண்டுகளில் என்ன மாறியது என்று பார்க்க நான் இதைத்தான் நம்புவேன். ஆனால் பலத்த காற்றில் பறக்கும் பனியை வாளி சரியாகப் பிடிப்பதில்லை. வாரந்தோறும் ஆளும் வேண்டும். ஆளரவமற்ற உச்சியில் அதற்கு எங்கே போவது?

அங்கே குழிதான். வசந்தத்தில், பனி உருகத் தொடங்குமுன், குழி தோண்டி மேலிருந்து கீழ்வரை பனியை ஒரே சீராக வெட்டி எடுப்பார்கள். மண் கலந்துவிடும் என்று தரையை ஒட்டிய பனியை மட்டும் விட்டுவிடுவார்கள். குளிர்காலம் முழுவதும் ஒரே மாதிரியில் வந்துவிடும், செலவும் குறைவு. வறண்டு படிந்ததும் அதிலேயே கலந்திருக்கும். தனியாகப் பிரிக்க முடியாது. கோடை மழை கணக்கிலேயே வராது. அப்புறம், இடையில் வெயிலடித்துப் பனி உருகினால் போச்சு: முதலில் வடியும் நீரே அயனிகளில் பெரும்பங்கை இழுத்துக்கொண்டு போய்விடும்.