பார்கீரா, சிலேதாரா? குதிரை செத்தால் நஷ்டம் யாருக்கு

மராத்தியக் குதிரைப்படை என்றதும் அதன் வேகத்தையும் மறைந்திருந்து தாக்கும் தந்திரத்தையும் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் குதிரைகள் யாருக்குச் சொந்தம் என்று கேட்பவர்கள் குறைவு. 17, 18-ஆம் நூற்றாண்டு இந்தியப் போர்களைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

அரசு கொடுத்த குதிரையில், அரசு கொடுத்த ஆயுதத்தோடு போருக்குப் போகிறவர் பார்கீர். தன் குதிரையையும் ஆயுதத்தையும் தானே கொண்டுவந்து சேர்கிறவர் சிலேதார். வாடகை ஆட்டோ ஓட்டுபவருக்கும் சொந்த ஆட்டோ ஓட்டுபவருக்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான். குதிரைக்குத் தீனி போடுவதும், செத்தால் வேறு வாங்குவதும் சிலேதாரின் பாடு என்பதால் அவருக்குச் சம்பளம் கூடுதல்.

சிவாஜி பார்கீர் பக்கம் சாய்ந்தவர். அரசுக் குதிரைகள் கொண்ட படைக்குப் பாகா என்று பெயர். 25 பார்கீர்களுக்கு ஒரு ஹவல்தார், ஐந்து ஹவல்தார்களுக்கு ஒரு ஜும்லேதார், பத்து ஜும்லேதார்களுக்கு ஒரு ஹஜாரி என்று அடுக்கு போகும். 25 குதிரைக்கு ஒரு லாடம் அடிப்பவர், ஒரு தண்ணீர் சுமப்பவர். இதையெல்லாம் எழுதிவைத்த கிருஷ்ணாஜி அனந்த் சபாசத், சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டையில் இருந்த காலத்தில் அங்கேதான் எழுதினார். சிலேதார்களும் படையில் இருந்தார்கள், ஆனால் பாகாவின் அதிகாரத்துக்குக் கீழேதான். சொந்தக் குதிரைகளோடு வருகிற தலைவன் ஒருநாள் எதிர்த்துக் கிளம்பிவிடக்கூடாது என்ற கவனம் அதில் இருந்தது.

பாகாவை நடத்துவது லேசான வேலை இல்லை. தசராவுக்குப் பிறகு கிளம்பும் படை எட்டு மாதம் எதிரி நாட்டில் இருந்து வயிறு வளர்க்கும். மழைக்கால நான்கு மாதமும் லாயத்தில் கட்டிப் போட்டுத் தீனி கொடுக்க வேண்டியது அரசின் பொறுப்பு. 1670-களில் சிப்ளூண் பக்கம் தங்கியிருந்த படை அதிகாரிகளுக்கு சிவாஜியின் ஆணை ஒன்று போயிருக்கிறது. இருக்கிற தானியத்தை இப்போதே கண்டபடி தீர்த்துவிட்டால் அடைமழையில் குதிரைகள் பட்டினியால் சாகும், அப்புறம் கொன்றது நீங்கள்தான் என்று ஆகும் என்று எச்சரிக்கிறது. குடியானவரிடம் ஒரு புல்லைக்கூடப் பிடுங்கக்கூடாது என்கிறது. இன்னும் உள்ளே போய், ராத்திரி விளக்கை அணைக்காமல் விட்டால் எலி எரியும் திரியை இழுத்துக்கொண்டு போகும், வைக்கோல் பற்றிக்கொள்ளும், குதிரைகள் வெந்து சாகும் என்றுகூடச் சொல்கிறது. எலி வரைக்கும் யோசித்திருக்கிறார்கள்! செத்தால் நஷ்டம் அரசுக்கு என்பதால் வந்த கவலை இது.

சிலேதார் முறையில் இந்தத் தலைவலி அரசுக்கு இல்லை. லாயம் வேண்டாம், கொள்ளு வாங்க வேண்டாம், அழைத்தால் ஆள் குதிரையோடு வந்து நிற்பான். சிக்கல் போர்க்களத்தில்தான் தெரியும். குதிரை போனால் சிலேதாருக்குப் பிழைப்பே போயிற்று. துப்பாக்கி வரிசைக்கு நேரே குதிரையை விடச் சொன்னால் அவன் ஒருகணம் தயங்கத்தான் செய்வான். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏமாற்றும் நடக்கும். குறித்த எண்ணிக்கையில் குதிரைகளை வைத்திருக்க அரசிடம் பணம் வாங்கிய முகலாய அதிகாரிகளான மன்சப்தார்கள் கணக்கெடுப்பு நாளில் இரவல் குதிரைகளைக் காட்டிவிட்டு, முழு எண்ணிக்கைக்கும் பணம் வாங்கினார்கள். அதனால் அக்பர் 1570-களில் குதிரைக்குச் சூடு போடும் முறையைக் கொண்டுவந்தார். எழுத்தர் வீரனின் தகப்பன் பெயர், நிறம், மச்சம், தழும்பு என்று குறித்துக்கொள்வார். குதிரையின் நிறமும் அடையாளமும் எழுதப்படும். அப்புறம் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் முத்திரை.

சரி, இவ்வளவு குறை இருந்தும் சிலேதார் முறை ஏன் ஜெயித்தது? பதில் செஞ்சியில் இருக்கிறது. 1690 முதல் 1698 வரை முகலாயர் கோட்டையை முற்றுகையிட்டபோது ராஜாராமிடம் பாகாவுக்குத் தீனி போடக் காசு இல்லை. சொந்தப் படை வைத்திருந்த தலைவர்களுக்கு நிலவருவாயை எழுதிக்கொடுத்துத்தான் போரைத் தொடர முடிந்தது. அரசு பிழைத்தது. ஆனால் படை அரசின் கையை விட்டுத் தலைவர்களின் கைக்குப் போனது, பிறகு முழுதாகத் திரும்பவே இல்லை.

சிலேதாருக்கு ஏற்ற போர் ஒன்று உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். எதிரியின் தானிய வண்டியை மறிப்பது, புல்வெளியை எரிப்பது, கிணற்றைத் தூர்ப்பது என்று குதிரைக்கு அதிகம் ஆபத்தில்லாத வேலைகள். 1728-இல் பால்கேடில், மராத்திய அரசின் பேஷ்வாவான (தலைமை அமைச்சர்) முதலாம் பாஜிராவ் ஹைதராபாத் நிஜாமை இப்படித்தான் தண்ணீரும் தீனியும் இல்லாத இடத்தில் மடக்கி, பெரிய சண்டையே இல்லாமல் பணிய வைத்தார். பாகாவையும் சிலேதார்களையும் சேர்த்தே வைத்திருந்த ஹைதர் அலி, 1780-இல் ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியபோது ஆங்கிலேயப் படை சோற்றுக்கும் வண்டி மாட்டுக்கும் திண்டாடியது. நம் வட மாவட்டங்கள் அதற்குக் கொடுத்த விலை பெரியது.

ஆப்கானியரோடு மோதிய பானிபட்டில் நிலைமை தலைகீழ். அங்கே பட்டினி கிடந்தது மராத்தியர் முகாம்தான். 1761 ஜனவரி 14 அன்று, வாரக்கணக்கில் தீனி காணாத குதிரைகளோடு நேருக்கு நேர் மோத வேண்டியிருந்தது. நடுவில் மராத்தியத் தளபதி சதாசிவராவ் பாவோடு நின்ற பேஷ்வாவின் சொந்தப் படையான ஹுஜுராத் கடுமையாக மோதி அழிந்தது. தன் சொந்தப் படையோடு வந்த மராத்தியத் தலைவர் மல்ஹர்ராவ் ஹோல்கர் களத்தை விட்டு வெளியேறினார். ஹோல்கரின் முடிவுக்குக் காரணங்கள் பல உண்டு, எல்லாவற்றையும் குதிரைக் கணக்கில் போட முடியாது. ஆனாலும் அரசின் படை அழிய, தலைவனின் படை மிஞ்சியதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

என்னைக் கேட்டால் பார்கீர்தான். கஜானாவில் காசு இருக்கும் அரசு வேறு எதையும் யோசிக்கவே கூடாது.

ஆங்கிலேயர் சிலேதார் முறையையே எடுத்து, அதன் ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். சேரும் வீரன் ஒரு தொகை கட்டுவான், ரெஜிமெண்ட் குதிரை வாங்கித் தரும். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் பணம் பொது நிதியில் சேர்ந்து, செத்த குதிரைக்கு ஈடு கொடுக்கும். அமைதிக் காலத்தில் இது நன்றாகவே ஓடியது. முதல் உலகப் போரில் குதிரைகள் மொத்தமாகச் சாகத் தொடங்கியதும் அந்த நிதியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அரசே குதிரை கொடுக்க வேண்டியதாயிற்று, போர் முடிந்த சில ஆண்டுகளில் முறையே கைவிடப்பட்டது. 1914-இல் இந்தியக் குதிரைப்படையின் வழக்கமான ரெஜிமெண்டுகளில் இதில் சேராமல் அரசுக் குதிரையில் இருந்தவை மூன்று: 26, 27, 28-ஆம் லைட் கேவல்ரி. மூன்றும் பழைய மெட்ராஸ் படையிலிருந்து வந்தவை.